அணியில் இடம் கிடைக்காத பிள்ளையை ஏன் கிரவுண்டுக்கு அனுப்ப வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் பையன் எட்டாம் வகுப்பு, தினமும் சாயங்காலம் பள்ளியில் வாலிபால் ஆடுகிறான், உயரம் குறைவு, குறுவட்டப் போட்டிக்கு எடுத்த அணியில் அவன் பெயர் இல்லை. மகள் ஆறாம் வகுப்பு, கோ-கோ ஆடுகிறாள், இன்னும் ஒரு வருஷத்தில் நிறுத்திவிடலாம் என்று பாட்டி சொல்கிறார். பெரிதாக ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் இதற்கு நேரம் கொடுத்தால் இருபது வருஷம் கழித்து என்ன கிடைக்கும், அடுத்த வருஷம் ஒன்பதாவது, ட்யூஷன் வேறு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 22 வருஷமாக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர். இதே கேள்வியை ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ பள்ளி வாசலில் வண்டியை அணைக்காமலே என்னிடம் கேட்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே பொறுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மறந்துவிடுங்கள். அது இருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் மாநில, தேசிய அளவில் சான்றிதழ் வாங்கும் சிலருக்கு மட்டுமே அது உதவும். மீதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டால் பயன் இல்லை என்று பெற்றோர் முடிவு செய்வதே இந்தக் கோட்டாக் கணக்கை வைத்துத்தான். என் அனுபவத்தில் விளையாட்டால் வாழ்நாள் முழுக்கப் பயன் அடைகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு கோப்பையைக்கூடத் தொடாதவர்கள்.

எது தங்கும், எது தங்காது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும். மூச்சுத் திறன், அதாவது ஸ்டாமினா, தங்காது. பதினான்கு வயதில் கிரவுண்டைப் பத்து சுற்று ஓடியவன் ஆறு மாதம் சும்மா இருந்தால் அந்தத் திறன் பெருமளவு போய்விடும். சின்ன வயதில் விளையாடினான், அதனால் நாற்பதில் சர்க்கரை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு அப்படிச் சேமித்து வைப்பதில்லை.

எலும்பு இதற்கு ஒரு விதிவிலக்கு. பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரண்டு கைகளையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள், 1995-ல் வெளியான ஆய்வு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, காரணம் அதன் எளிமை. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை, ஆனால் ஒரு கை ராக்கெட் பிடித்தது, இன்னொரு கை பிடிக்கவில்லை. ஆடும் கையின் எலும்பு மற்றக் கையைவிட அடர்த்தியாக இருந்தது, அதை யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் வயதுக்கு வருவதற்கு முன்போ வந்த சமயத்திலோ ஆட ஆரம்பித்தவர்களுக்கு அந்த வித்தியாசம், பிறகு ஆரம்பித்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. வளரும் வயதில் எலும்பு மேலே மேலே கட்டிக்கொண்டே போகும், குதிப்பதும் தரையில் காலை ஊன்றித் திரும்புவதும் அந்தக் கட்டுமானத்துக்கு உரம். வளர்ச்சி நின்ற பிறகு செய்யும் பயிற்சி பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றத்தான் உதவும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பார். அவருடைய எலும்புக் கணக்கில் ஒரு பெரிய பகுதி அவருடைய பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் எழுதப்பட்டது. உங்கள் மகளை நிறுத்தச் சொல்லும் வயதும் அதே வயதுதான் என்பதைக் கவனியுங்கள், அவள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

எலும்புக்கு அடுத்துத் தங்குவது திறமை. மாவட்ட அணிக்குப் போகிற திறமையைச் சொல்லவில்லை. வருகிற பந்தைக் கண் பார்த்துக் கை சேர்ப்பது, ஓடிக்கொண்டே திசை மாற்றுவது, விழுந்தால் அடிபடாமல் விழுவது, நீரில் மிதப்பது, இவ்வளவுதான். சைக்கிள் ஓட்டக் கற்றவன் இருபது வருஷம் கழித்து ஏறினாலும் ஓட்டுவான் அல்லவா, அது மாதிரி இவை உடம்பில் உட்கார்ந்துவிடும்.

இதன் அருமை நாற்பது வயதில்தான் தெரியும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்கிறார். சின்ன வயதில் எதுவும் ஆடாதவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, நடப்பது. நடப்பது நல்லதுதான், ஆனால் பெரும்பாலானோர் இரண்டு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு மாத்திரை மாதிரி. ஷட்டில் கோர்ட் பக்கம் போகக் கூச்சம், நீச்சல் தெரியாது, பந்து பக்கத்தில் வந்தாலே ஒதுங்குவார். எட்டாவது படிக்கும்போது வாலிபால் ஆடியவர், அணியில் இல்லாமல் ஆடியவராக இருந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி கூப்பிட்டால் போய் நின்றுவிடுவார், முதல் நாள் மூச்சு வாங்கும், கை தடித்துப் போகும், மூன்றாவது வாரம் அவரே மற்றவர்களை போன் போட்டுக் கூப்பிடுவார்.

இதை வெறும் அனுபவப் பேச்சாகச் சொல்லவில்லை. பின்லாந்தில் 1980-ல் ஒன்பது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைக் கணக்கெடுத்து 21 வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களான பிறகும் ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், சிறுவயதில் பல வருஷம் இடைவிடாமல் விளையாடியவர்களுக்கே அந்த வாய்ப்பு அதிகம். ஒரு வருஷம் தீவிரமாக ஆடிவிட்டு நிறுத்தியவர்களுக்கு அப்படி இல்லை. அதனால்தான் எல்லாப் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று பார்க்காதீர்கள், எத்தனை வருஷம் ஆடுகிறான் என்று பாருங்கள்.

நமக்கு இது மற்ற நாட்டுக்காரர்களைவிடக் கூடுதலாகத் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில். நம் உடம்பு வாகும் அப்படி, பார்க்க ஒல்லி, ஆனால் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான், அதுவும் தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திராமலே வாங்கிக்கொள்ளும். ஆகவே நாற்பது வயதிலும் வாரத்துக்கு நாலு நாள் வியர்வை சிந்துகிற ஆளாக இருப்பது நமக்குக் கட்டாயம், அந்த ஆளை உருவாக்க எளிதான வயது பத்து.

சரி, படிப்பு. உங்கள் உண்மையான பயம் இதுதான் என்று தெரியும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் த்ருவா-ரிவியேர் என்கிற ஊரின் பகுதியில் 1970 முதல் 1977 வரை ஒரு பரிசோதனை நடந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பாட நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை எடுத்து, தினமும் ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி கொடுத்தார்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர்களை வைத்து. அதே பள்ளிகளில் வழக்கம்போல் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மதிப்பெண் குறையவில்லை, மேல் வகுப்புகளில் கொஞ்சம் கூடவே இருந்தது. பாட நேரம் குறைந்தும்! அதோடு விடாமல், அவர்கள் பெரியவர்களான பிறகு மறுபடி தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அந்தத் திட்டத்தில் படித்த பெண்கள், மற்றப் பெண்களைவிட அதிகமாக வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்கிறவர்களாக இருந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் கொடுத்த ஒரு மணி நேரம் இருபது வருஷம் கழித்துக் கண்ணில் தெரிகிறது.

நம் ஊரில் நடப்பது நேர் எதிர். டைம்டேபிளில் வாரத்துக்கு இரண்டு பி.இ.டி. பீரியட் இருக்கும், காலாண்டு நெருங்கினால் அதையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வருஷம் முழுக்க ஒரு பீரியட்கூட கிரவுண்டில் நடக்கவில்லை. பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கீழே சின்ன வகுப்புகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை, இன்னும் அழுத்திச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

இப்போது மகள் விஷயம். கோ-கோ ஆட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள்தான் ஓடித் துரத்துவாள். அவள் நினைத்த நேரத்தில் கோட்டைக் குறுக்கே கடக்க முடியாது, ஒரு திசையில் கிளம்பினால் திரும்பவும் முடியாது. ஆகவே பிடிக்க முடியவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி "கோ" என்று சத்தமாகச் சொல்லி ஓட்டத்தை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவளின் பாடு இன்னும் கஷ்டம். குதிகால் தூக்கி, விரல் நுனி மண்ணில், மொத்த உடம்பும் வில் மாதிரி, ஓடுகிறவள் கைக்கெட்டும் தூரத்தில் போகிறாள், ஆனாலும் "கோ" கேட்காமல் எழுந்தால் ஃபவுல். ஆறாம் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க இதில்தான் தப்பு செய்வார்கள், அவசரப்பட்டு எழுந்துவிடுவார்கள். தீபாவளி லீவு முடிந்து வரும்போது பார்த்தால் அதே பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும், கண் மட்டும் ஓடும். வந்த உந்துதலை அடக்கி, சரியான நொடி வரை காத்திருந்து, வந்ததும் தயங்காமல் பாய்வது. பரீட்சை ஹாலில் தேவைப்படுவதும் இதுதான், பிறகு வேலை இடத்தில் தேவைப்படுவதும் இதுதான். அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், பள்ளி முடிந்த பிறகு ஒன்பது மாதம் ஓடி விளையாடிய ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கவனச் சிதறலை அடக்கும் திறன் மற்றவர்களைவிட அதிகமாக முன்னேறியது.

பாட்டி கேட்பது அவர் காலத்து நியாயம். அவரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1972-ல் டைட்டில் நைன் என்று ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் பெண் என்பதற்காக ஒரு வாய்ப்பை மறுக்கக் கூடாது, விளையாட்டிலும். அதற்கு முன் அந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, ஆறே வருஷத்தில் அது இருபது லட்சத்தைத் தொட்டது. பெட்சி ஸ்டீவன்சன் என்கிற பொருளாதார நிபுணர் இதை வைத்து ஒரு நல்ல கேள்வி கேட்டார். விளையாடும் பெண்கள் பிற்காலத்தில் நன்றாக இருக்கிறார்கள் என்றால் அது விளையாட்டாலா, அல்லது ஏற்கெனவே துணிச்சலான, வசதியான வீட்டுப் பெண்கள்தான் விளையாட வந்தார்களா? பையன்கள் அதிகம் ஆடிக்கொண்டிருந்த மாநிலங்கள் சட்டத்துக்காகப் பெண்களையும் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டி இருந்ததால், அங்கே சாதாரணப் பெண்களும் கூட்டமாகக் கிரவுண்டுக்கு வந்தார்கள். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டதில், பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு நூற்றுக்குப் பத்து கூடினால், கல்லூரிக்குப் போகும் பெண்கள் நூற்றுக்கு ஒன்று கூடினார்கள், வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றிலிருந்து இரண்டு வரை கூடினார்கள். சின்ன எண் மாதிரி தெரியும், ஆனால் ஒரு நாட்டின் மொத்தப் பெண்களுக்கும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நான் கண்ணால் பார்ப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. போட்டிக்கு வெளியூர் போய், தெரியாத ஊரில் தெரியாத பெண்களோடு மோதி, தோற்று, அழுது, பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பிய பெண்ணுக்குக் கல்லூரி ஹாஸ்டல் ஒரு பயமே இல்லை. வயதுக்கு வந்ததும் ஆட்டம் நின்றுபோன பெண்கள் அடுத்த வருஷமே ஓரமாக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகள்தான் போன வருஷம் என்னிடம் அவுட் இல்லை என்று சத்தம் போட்டு வாதாடியவர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாதவிடாய் நாட்களில் ஆடலாமா என்று கேட்பார்கள், முடிகிற அளவு ஆடலாம், முடியாத அன்று உட்காரலாம், நாப்கின் மாற்ற இடமும் சுத்தமான கழிவறையும் பள்ளியில் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ட்ராக் பேன்ட்டும் அளவான ஸ்போர்ட்ஸ் உள்ளாடையும் வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகளின் கூச்சம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கண் பற்றி ஒரு வார்த்தை, பலருக்குத் தெரியாது என்பதால். சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். இங்கே வேலை செய்வது பகல் வெளிச்சம், விளையாட்டு அல்ல. ஆகவே இன்டோர் ஷட்டில் இதற்குக் கணக்கில் வராது, வெளியில் சும்மா சுற்றினாலும் வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. விளையாட்டு தானாகவே ஒழுக்கத்தையும் தன்னம்பிக்கையையும் கொடுத்துவிடாது. ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. தப்பாக சர்வீஸ் போட்ட பையனை எல்லார் முன்னாலும் கேவலமாகத் திட்டும் கோச்சிடம் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான். அப்படி ஒரு இடத்தில் உங்கள் பையன் இருந்தால் இடத்தை மாற்றுங்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள். இன்னொன்று, எட்டு வயதிலேயே ஒரே விளையாட்டில் போட்டு அகாடமியில் காலை மாலை என்று அரைப்பது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் தெளிவாகச் சொன்னது, பதினைந்து, பதினாறு வயது வரை பல விளையாட்டு ஆடட்டும் என்று. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில் வளரும் எலும்பு முனைகள் பாதிக்கப்படும், மனமும் சலித்துவிடும். நார்வேயில் பதினொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ரேங்க் பட்டியலே போடக் கூடாது, பதிமூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அப்போது சுமார் 54 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது, ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை எந்த நாடும் வாங்காத எண்ணிக்கை.

ஒன்பதாவது, பத்தாவது வரும்போது என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் ஐந்து முதல் பதினேழு வயதுக்குச் சொல்வது தினமும் சராசரி 60 நிமிஷம். பொதுத்தேர்வு வருஷத்தில் அதைப் பாதியாக்குங்கள், பூஜ்யம் ஆக்காதீர்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தே கால் வரை ஆடிவிட்டு, குளித்து, ஏதாவது சாப்பிட்டு ஆறு மணிக்கு உட்காரும் பிள்ளை, நாலரைக்கே உட்கார்ந்த பிள்ளையைவிடக் குறைவாகப் படிப்பதில்லை, இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ட்யூஷன் நேரத்தை ஆறுக்கு மேல் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ஜெயித்தாயா என்று கேட்காமல் இன்று யாரோடு ஆடினாய் என்று கேளுங்கள், அவன் பேசிக்கொண்டே இருப்பான். குதிக்கும் ஆட்டம் என்பதால் இந்த வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கலாம், வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு வருவது, பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். வலியோடு ஆட விடாதீர்கள், தொடர்ந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் உயரம். அணியில் எடுக்காததற்கு அதுதான் காரணம் என்றால், வலைக்கு மேலே அடிக்கிற இடத்துக்கு அவன் போட்டியிட வேண்டிய அவசியமே இல்லை. 1998-ல் உலக வாலிபால் சம்மேளனம் லிபரோ என்று ஓர் இடத்தையே கொண்டுவந்தது. பின்வரிசையில் மட்டும் நின்று, வேறு நிற ஜெர்சியில், வருகிற சர்வீஸையும் ஸ்மாஷையும் தூக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை, வலை உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை அவர் எதிர்ப்பக்கம் அடிக்கவே கூடாது. தரைக்கு அருகில் இருப்பதும் வேகமாக விழுந்து எழுவதும் அங்கே லாபம். நாளைக்குச் சாயங்காலம் அவனைச் சுவருக்கு எதிரே நிற்க வைத்து, முன்கை இரண்டையும் சேர்த்து, முழங்கால் மடக்கி, கீழே விழாமல் எத்தனை பந்து எடுக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பதைத் தொடும் நாளில் அவனே போய் அவன் பி.இ.டி. சாரிடம், லிபரோவாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.